ஒன்றரை மணிக்குப் பிறகு



இந்தப் பட்டமளிப்பு விழாவில் என் முதல் வார்த்தை, பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டுப் பின்வரிசைகளில் அமர்ந்திருக்கும் அம்மாமாருக்கும் ஐயாமாருக்கும். இன்று உங்களில் பலருக்குப் பேர் விழாது. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாத நாளுக்குத் தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலில் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளமும் இல்லை. அது தெரிந்துதான் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இது புதிதும் இல்லை. பிள்ளையின் இல்ல விளையாட்டுப் போட்டிக்கும், தமிழ்மொழித் தினத்துக்கும், பரிசளிப்பு விழாவுக்கும் இப்படி எத்தனையோ பேரை விட்டுக்கொடுத்து வந்தவர்கள் நீங்கள். நான் பேசப்போகும் விசயத்துக்கு முதல் போட்டவர்களே நீங்கள்தான். அதனால்தான் உங்களிடமிருந்து தொடங்குகிறேன்.

நமது நுவரெலியா மாவட்டப் பாடசாலை மாணவர்களின் சாதனைகளைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். சாதனை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாடசாலை வாசலில் தொங்கும் பெனர்தான். சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளை, புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளை, மருத்துவ பீடத்துக்குத் தெரிவான பிள்ளை. அந்தப் பெனரில் எனக்கும் பெருமை உண்டு. தோட்டத்துப் பிள்ளைக்குப் பரீட்சை எவ்வளவு பெரிய கதவு என்பது இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதே பாடசாலையில் அதே வருடம் மாகாண மட்டத்தில் வில்லுப்பாட்டில் இரண்டாமிடம் எடுத்த எட்டுப் பிள்ளைகளின் பெயர் எந்தப் பெனரிலும் இருக்காது. அவர்களுடைய சான்றிதழ் அதிபரின் அலுமாரியில் கிடக்கும். அடுத்த அதிபர் வரும்போது அதுவும் இருக்காது.

நுவரெலியா, ஹட்டன், கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த என்று ஐந்து கல்வி வலயங்கள் நம் மாவட்டத்தில். இவற்றிலுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் வருடம் முழுவதும் என்ன செய்கின்றன என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தமிழ்மொழித் தினப் போட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பாவோதல், பேச்சு, கட்டுரை வரைதல், கவிதையாக்கம், சிறுகதையாக்கம், இலக்கணப் போட்டி, தனி இசை, குழு இசை, நடனம், நாடகம், வில்லுப்பாட்டு என்று அதற்கு ஒரு நீண்ட பட்டியல். பாடசாலையில் வென்றால் கோட்டம், கோட்டத்தில் வென்றால் வலயம், பிறகு மாகாணம், கடைசியில் தேசியம். விளையாட்டும் இப்படித்தான் படிப்படியாக ஏறுகிறது.

கொழும்புப் பிள்ளைக்கு இந்தப் படிகள் திறமையின் படிகள். நம் பிள்ளைக்கு அவை பஸ் கட்டணத்தின் படிகளும்தான். சாமிமலைப் பக்கம் ஒரு தோட்டத்து டிவிசனில் இருக்கும் பிள்ளை ஹட்டனில் காலை எட்டு மணிக்குப் போட்டிக்கு நிற்க வேண்டுமென்றால், இருட்டில் எழும்பி, அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் தேய்த்துக்கொண்டு, குறுக்குப் பாதையில் இறங்கி முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மாகாண மட்டம் கண்டியில் என்றால் அதற்கு ஒரு வேன். வேனுக்கு யார் காசு கொடுப்பது? பாடசாலை அபிவிருத்திச் சங்கம் கொஞ்சம், ஆசிரியர் தன் சம்பளத்தில் கொஞ்சம், நகரத்துக் கடை முதலாளி கொஞ்சம். அது திரளாத வருடத்தில் வலயத்தில் முதலிடம் எடுத்த குழு வலயத்தோடு நின்றுவிடும். பதிவேட்டில் 'பங்குபற்றவில்லை' என்று ஒரு வரி எழுதப்படும். அந்த வரியைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று சொன்ன அதிகாரிகளும் இருந்தார்கள்.

பெண்பிள்ளைகளின் நிலைமை இன்னும் ஒரு படி கீழே. பயிற்சி முடிந்து நாலரைக்கு இறங்கினால் மூடுபனி வந்துவிடும். தேயிலைக்குள் சிறுத்தை நடமாட்டம் உண்டு, குளவிக்கூடு உண்டு, குடித்துவிட்டு நிற்பவர்களும் உண்டு. கடைசியாகச் சொன்னதற்குத்தான் தாய்மார் அதிகம் பயப்படுகிறார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பயத்தோடு நின்றுபோனார்கள்.

மைதானத்துக்கு வருவோம். தரவளையிலும் ராதெல்லையிலும் தோட்டத் துரைமார் தாங்கள் கிரிக்கெட் ஆடுவதற்காக மலையைச் சமனாக்கி அழகான மைதானங்கள் அமைத்தார்கள். அந்த மலையைச் சமனாக்கியது யாருடைய மண்வெட்டி என்பதை நான் சொல்லத் தேவையில்லை. தோட்டப் பாடசாலைக்கோ நூறு மீற்றர் நேராக ஓட இடமில்லை. கோயில் முற்றம், கொழுந்து மடுவத்துக்கு முன்னால் உள்ள வெளி, தோட்டத்து ரோட்டு, இவைதான் பயிற்சிக் களம். இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் அணிநடைக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் வேறொருவரின் சப்பாத்தைப் போட்டிருப்பார்கள். அப்படி வளைவில் ஓடிப் பழகிய பிள்ளை ஹட்டன் டன்பார் மைதானத்தில் முதல் தடவையாக நேர்கோட்டில் ஓடுகிறான். மலைப் பாதையில் ஏற்றமும் இறக்கமுமாய்த் தினமும் பாடசாலைக்கு நடந்த கால்கள் அவை. நீண்ட தூர ஓட்டத்துக்கு நம் பிள்ளைகளை விடப் பொருத்தமானவர்கள் இந்தத் தீவில் இருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகம். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு நாம் அவர்களை உட்கார வைத்து மொடல் பேப்பர் செய்ய வைக்கிறோம்.

நம் பாடசாலைகளின் வரலாறு உங்களுக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாகத் தாண்டிப் போகிறேன். 1907ஆம் ஆண்டின் சட்டமும் 1920ஆம் ஆண்டின் சட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டன. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாடெங்கும் வந்தபோதும் தோட்டப் பாடசாலை தோட்டத்தோடுதான் கிடந்தது. ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்பு வரை எல்லாரும் ஒரே இடத்தில். அரசு அவற்றைப் பெருமளவில் பொறுப்பேற்றது 1970களின் பிற்பகுதியில். பிறகு சுவீடன் நாட்டு உதவியில் கட்டடங்கள் வந்தன. ஜேர்மன் உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி வந்தது. பின்தொடங்கியவர்கள் நாம். பின்தொடங்கியவனுக்கு அவசரம் இருக்கும். அந்த அவசரத்தில் எதைக் கையிலிருந்து நழுவ விட்டோம் என்பதுதான் என் கவலை.

அதற்கு ஒரு பழைய உதாரணம் சொல்கிறேன். மெதடிஸ்த மிஷன் தொடங்கிய ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் 1960களில் இர. சிவலிங்கம் அதிபராக இருந்தார். சிறுகதையாளர் திருச்செந்தூரன் போன்றவர்கள் அவரோடு அங்கே கற்பித்தார்கள். அந்தக் காலத்தில் நம் மலையக மக்களில் பெரும்பாலோருக்குக் குடியுரிமையே இல்லை. 1948ஆம் ஆண்டின் சட்டம் அதைப் பறித்திருந்தது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு நம்மைத் தலைக்கணக்கில் பங்குபோட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட காலத்தில் அந்த ஆசிரியர்கள் பாடத்தை மட்டும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மேடைப் பேச்சு, எழுத்து, நாடகம், இளைஞர் அமைப்பு என்று பிள்ளைகளை இழுத்து வைத்தார்கள். மலையகத்தின் எழுத்தாளர், ஆசிரியர், தொழிற்சங்கவாதி என்று பிறகு நாம் அறிந்த ஒரு தலைமுறையே அந்தச் சூழலில் உருவானது. சிவலிங்கம் பின்னர் தமிழகத்துக்குப் போய் நீலகிரியில் குடியேறிய நம்மவர்களுக்காகவும் உழைத்தார். அந்தத் தலைமுறையில் யார் எத்தனை பாடத்தில் திறமைச் சித்தி எடுத்தார்கள் என்று இன்று யாருக்கும் ஞாபகமில்லை.

இன்னோர் ஆளையும் சொல்ல வேண்டும். மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் போனவர், கவிஞர். லயத்திலும் மலையிலும் பாடிய பாட்டுகளைத் தேடித் தொகுத்தவரும் அவரே. எந்தப் பாடவிதானமும் அவரை அந்த வேலைக்கு அனுப்பவில்லை.

இப்போது பாருங்கள். மாசி, பங்குனியில் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கிறது. இரவிரவாக ரதியாகவோ மதனாகவோ நின்று ஆடுகிற பையன், மறுநாள் வகுப்பில் தூங்குகிறான் என்று அடிவாங்குகிறான். அதே பையனைப் பற்றி ஆசிரியர் அறையில் "மேடைக் கூச்சம் உள்ள பிள்ளை" என்று பேச்சு. தப்பு மேளம் அடிக்கத் தெரிந்தவனை விட்டுவிட்டு, பிரதம விருந்தினரை அழைத்துவர பேண்ட் வாத்தியம் தேடுகிறோம். தப்பை மேடையேற்ற நமக்கு இருந்த தயக்கத்தில் சாதி இருந்தது. அதை மூடிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. 2023இல் நம் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்ததன் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்த உணர்வு பாடசாலை வாசலுக்குள்ளும் வந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெற்றோர் கேட்பார்கள்: "ஓடி ஆடி என்ன கிடைக்கும்?" பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. இது உங்களுக்குத் தெரியும். ஆனால் விளையாட்டிலோ கலையிலோ தேசிய, சர்வதேச மட்டத்தில் சிறந்து விளங்கியவர்களுக்கு, உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதி இருந்தால், தனியாக ஒரு சிறிய ஒதுக்கீடும் உண்டு. சிறியதுதான், அரை வீதம். அதற்கு விண்ணப்பித்த நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? மாகாணத்துக்குப் போக வேன் இல்லாதவன் தேசிய மட்டத்துக்கு எப்படிப் போவான்? சங்கீதம், நடனம், நாடகம் படிக்க யாழ்ப்பாணத்தில் இராமநாதன் நுண்கலைப் பீடமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்தா நிறுவகமும் இருக்கின்றன. அங்கே படித்துத் திரும்பி வந்த ஓர் ஆசிரியை ஒரு கோட்டத்தையே மாற்றியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அத்தகைய ஆசிரியர் ஒருவர்கூட இல்லாத பாடசாலைகளையும் கண்டிருக்கிறேன். அவைதான் அதிகம்.

ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடுகிறது. அதற்குப் பிந்திய இரண்டு மணித்தியாலம் ஒரு காலத்தில் பிள்ளையுடையதாக இருந்தது. இப்போது அதை மேலதிக வகுப்பும் டியூசனும் எடுத்துக்கொண்டன. பாடசாலை நேரத்துக்குள்ளும் போய்ப் பார்த்தால், உடற்கல்விப் பாடவேளையைக் கணிதத்துக்கு, சித்திரப் பாடவேளையை விஞ்ஞானத்துக்கு என்று பகலிலேயே கைமாற்றம் நடக்கிறது. கணித, விஞ்ஞான ஆசிரியர் போதாத மாவட்டம் இது. வரும் ஆசிரியரை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்ற அதிபரின் நியாயம் எனக்குப் புரியும். ஆனாலும் நான் அந்த நியாயத்தோடு உடன்படவில்லை. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் பாடசாலையை விட்டுப் போகும் பிள்ளைக்கு, பதினொரு வருடத்தில் ஒரு தடவையாவது தன் பெயரை ஒலிபெருக்கியில் கேட்கும் உரிமை இருந்தது. அதையும் சேர்த்துத்தான் அந்தக் கைமாற்றத்தில் கொடுத்துவிட்டோம். கொழும்பில் கடை வேலைக்குப் போன பிறகு அவன் பெயரை முதலாளி கூப்பிடுவார். அது வேறு விதமான கூப்பிடுதல்.

2015 வாக்கில் 3,000க்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமித்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த கொடுப்பனவு மாதம் 6,000 ரூபாய். பஸ்ஸுக்கும் சோற்றுக்கும் போதாத காசு. அவர்களில் பலர் பின்னேரத்தில் நின்று நாடகம் பழக்கினார்கள், கரப்பந்து பழக்கினார்கள். அந்த இளைஞர் யுவதிகளுக்கு இந்த மேடையிலிருந்து நன்றி சொல்வதை என் கடமையாக நினைக்கிறேன்.

தம்பி தங்கைகளே, நீங்கள் இனி என்ன ஆவீர்கள் என்று ஓரளவு ஊகிக்கலாம். உங்களில் கணிசமானோர் ஆசிரியர்களாகத்தான் போவீர்கள். நம் நாட்டில் பட்டதாரிக்கு முதலில் கிடைக்கும் கதிரை அதுதான். அப்படிப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் பாடவேளைக்காக இன்னொருவரின் உடற்கல்விப் பாடவேளையைக் கடன் கேட்காதீர்கள். கல்வி நிர்வாக சேவைக்குப் போகிறவர்கள், போட்டி நடத்த இடம் தீர்மானிக்கும்போது பஸ் நேரசூசியையும் மேசையில் வையுங்கள். நாலு மணிக்குப் பரிசு கொடுத்து முடித்தால் டயகமப் பிள்ளை வீடு போய்ச் சேர்வது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பத்திரிகைத் துறைக்குப் போகிறவர்கள் ஒன்பது ஏ படத்துக்குப் பக்கத்தில் அஞ்சலோட்டக் குழுவின் நாலு பெயரையும் போடுங்கள்.

வங்கிக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்களும் இருப்பீர்கள். போய் நன்றாக இருங்கள். ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும்போது பலரும் பழைய பாடசாலைக்கு நுழைவாயில் கட்டித் தங்கள் பெயரைப் பொறிக்கிறார்கள். நுழைவாயில் போதும், நிறையக் கட்டிவிட்டோம். அடுத்த வருடம் வலய மட்டப் போட்டிகள் முடிந்த கிழமையில் உங்கள் பழைய அதிபருக்கு ஒரு கோல் எடுங்கள். மாகாணத்துக்குத் தெரிவான பிள்ளைகள் எத்தனை பேர், வேன் பேசியாயிற்றா, சாப்பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தக் காசை நீங்கள் அனுப்புங்கள். அனுப்பும்போது, எந்தப் பிள்ளையின் தாய்க்கு அன்றைக்குப் பேர் போகும் என்பதையும் கேட்டு, அவருக்கும் வேனில் ஓர் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.