குறட்டை விடும் எருதும் குளத்து நத்தையும்



கஞ்சிக்கோட்டு நூலக விழாவில் இலக்கியம் பேச அழைத்தால் இவன் மாட்டு மூக்கைப் பற்றியல்லவா ஆரம்பிக்கிறான் என்று முன்வரிசையில் சிலர் முகஞ்சுளிப்பது தெரிகிறது. ஆயினும், உழுது களைத்த எருது தொழுவத்தில் குறட்டை விடுங்கால் அதை நித்திரைச் சுகமென்றெண்ணி நாம் திரும்பிப் படுத்துக்கொள்கிறோமே, அந்த அறியாமையைக் காட்டிலும் பேசத்தக்க விஷயம் வேறுண்டோ?

அது நித்திரையன்று, வியாதி. மூக்கின் இரத்தக் குழாய்களில் ஆணும் பெண்ணுமாய்க் குடித்தனம் நடத்தும் ஒரு புழு இடுகின்ற முட்டைகளால் உள்ளே சதை வளர்ந்து, மூச்சு அடைபடுகிறது. இப்புழுவுக்கு 1933-இல் ‘சிஸ்டோசோமா நேசாலே’ என்று நாமகரணம் செய்தவர் சீமைத் துரை என்றா நினைத்தீர்கள்? இல்லை, சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் அனந்தநாராயண ராவ்! தட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்!

அந்த முட்டையின் வடிவம் என்ன தெரியுமா? மருது சகோதரர் ஏந்திய வளரி! அவர்கள் வெள்ளையன்மீது வீசினார்கள். இதுவோ நம் மாட்டின்மீதே பாய்கிறது. சளியோடு குளத்தில் விழுந்து பொரிந்து, நத்தைக்குள் புகுந்து பல்கிப் பெருகி, பிளந்த வாலோடு நீந்தி வந்து, தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோலைத் துளைக்கிறது. இதன் பங்காளிப் புழுக்கள் நாற்று நடும் தாய்மாரின் கால்களையும் துளைத்து, வளர வகையின்றி அங்கேயே மடிந்து, அரிப்பை மட்டும் மிச்சம் வைக்கின்றன. மனிதருக்குள்ளேயே குடியேறும் வேறோர் இனத்தை ரத்னகிரி மாவட்டத்துக் கிம்வி கிராமத்தில் கண்டு 1952-இல் எழுதினார்கள்; உலகில் இப்படி மனிதரைப் பிடிக்கும் இனங்களுக்கெல்லாம் மருந்து வேண்டி நிற்போர் 25 கோடிக்கு மேல்!

எங்கள் ஊரில் ஒரு மாட்டுக்காரர் இருந்தார். கையெழுத்துப் போடத் தெரியாதவர். “நத்தை கிடக்கிற குட்டையில மாட்டை இறக்காதே தம்பி, தொட்டியில தண்ணி காட்டு” என்பார். பூதக்கண்ணாடியையே காணாத அந்த மனிதர் சொன்னதற்கும், கற்றறிந்தோர் ஆராய்ந்து கண்டதற்கும் என்ன பேதம்?

தண்ணீர் என்றதும் நம் மலம்புழா அணை நினைவுக்கு வருகிறது; அதைச் சென்னை ராஜ்யம் கட்டியது. 1955-இல் காமராஜர் திறந்து வைத்தார். அந்த நீரால் உண்கிறோம். பின்னால் வந்த சில புண்ணியவான்கள் – பெயர் சொல்லமாட்டேன், உங்களுக்கே தெரியும் – மந்திரி வருகிறார் என்றால் சாலையோரத்து வாய்க்காலில் மட்டும் பாசி வாருவார்கள். கார் போகாத குட்டையில் நத்தை நிம்மதியாகப் பிள்ளை பெறும்! மாட்டுப்பொங்கலன்று மாலையிட்டுப் படம் பிடித்துக்கொள்ளும் அவர்களுக்கு, அந்த மாட்டின் மூச்சிரைப்பு மட்டும் காதில் விழாது!

பிராசிகுவாண்டல் என்னும் மருந்து உடம்பிலுள்ள புழுவைக் கொல்லும், வாஸ்தவம்; மறுநாளே அதே குட்டையில் மாட்டை இறக்கினால் யாருக்குப் பிரயோசனம்? மருந்தும் வேண்டும், நத்தை ஒட்டி வாழும் பாசியை வாரவும் வேண்டும், தெருவுக்கொரு தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். அந்த மாட்டுக்காரர் கூலி வாங்காமல் சொன்ன யோசனையைப் பஞ்சாயத்து ஏற்குமட்டும் மனுக் கொடுப்போம்; முதல் கையெழுத்து என்னுடையது, அடுத்தது, முகஞ்சுளித்த முன்வரிசையினுடையது!