போதும் என்று சொல்லும் தசை



பேசத் தெரியாத குழந்தைக்குப் பால் புகட்டும் தாய், அது முகத்தைத் திருப்பிக்கொண்டதும் வயிறு நிறைந்தது என்று அறிந்துகொள்கிறாள். பிறவியிலேயே செவிப்புலன் இல்லாத குழந்தைக்கு ஒலியை ஊட்டும்போது, எவ்வளவு போதும் என்பதை எவ்வாறு அறிவது? இதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன்.

உட்செவியில் நத்தை ஓடு போலச் சுருண்ட காக்ளியா என்னும் உறுப்பு இருக்கிறது. அதனுள் மெல்லிய மின்முனைகளைச் செலுத்திச் செவி நரம்பை நேரே தூண்டுவது காக்ளியர் கருவி. பல மின்முனைகள் கொண்ட கருவியை 1978-ஆம் ஆண்டில் மெல்பர்ன் நகரில் கிரேம் கிளார்க் என்ற மருத்துவர் ஒருவருக்குப் பொருத்தினார். இன்று ஓராண்டு நிரம்பாத குழந்தைகளுக்கும் அது பொருத்தப்படுகிறது. மின்சாரம் குறைந்தால் பேச்சு விளங்காது. மிகுந்தால் ஓசையே வேதனையாகும். பெரியவர்கள் வாய் திறந்து சொல்வார்கள். குழந்தையோ கருவியைப் பிடுங்கி எறியும்.

இங்கே இயற்கை ஒரு சாட்சியை வைத்திருக்கிறது. குதிரைச் சேணத்தின் அங்கவடி போன்ற சிற்றெலும்பு ஒன்று நடுச்செவியில் உண்டு. நீளம் சுமார் 3 மில்லிமீட்டர். உடலிலுள்ள எலும்புகளுள் மிகச் சிறியது. பேரொலி கேட்டதும் அதனோடு இணைந்த தசை தானாகவே சுருங்கி அதை இழுத்துப் பிடிக்கிறது. அறுவைச் சிகிச்சையின்போது மருத்துவர் மின்முனையின் தூண்டுதலைப் படிப்படியாக உயர்த்தி, நுண்ணோக்கி வழியே அத்தசையின் நாண் அசைகிறதா என்று பார்க்கிறார். அசையத் தொடங்கும் அளவு, குழந்தை பின்னர் தாங்கக்கூடிய மேல்வரம்பை ஓரளவு காட்டும்.

ஆனால் அவ்வசைவு மிக நுண்ணியது. ஒருவர் கண்டதை மற்றொருவர் காணாதிருக்கலாம். ஆகவே நுண்ணோக்கியில் இணைத்த காமிராவின் படங்களைக் கணிப்பொறியிடம் ஒப்படைக்க ஆராய்ச்சியாளர் முனைந்துள்ளனர். அது படத்துக்குப் படம் நாண் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுகிறது. மூச்சினாலும் நாடித் துடிப்பினாலும் நேரும் அசைவுகள் தூண்டுதலின் நேரத்தோடு பொருந்தி வருவதில்லை. ஆதலால் அவற்றைப் பிரித்தறிய இயலும்.

எனினும் ஓர் எச்சரிக்கை. வாயுவாகச் செலுத்தும் மயக்க மருந்து இந்தத் தசையை மந்தமாக்கும். வரம்பு மெய்யளவைவிட உயர்ந்து தோன்றும். அதை அப்படியே நம்பினால் துன்பம் குழந்தைக்குத்தான். படத்தை மட்டும் பார்க்கும் கணிப்பொறிக்கு இது தெரியாது. ஆகவே, அது தரும் எண்ணுக்குத் தாழ்ந்த அளவிலேயே கருவியை முதலில் இயக்கி, குழந்தையின் முகக்குறிப்பைக் கவனித்துச் சிறிது சிறிதாக உயர்த்துவதே தக்கது என்பேன். பாலூட்டும் தாய் காலமெல்லாம் கையாளும் முறையும் அதுவே அல்லவா?