வெண்ணெய்ப் பழம்: கனிந்ததும் கெட்டதும்



வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து வரும் பெட்டியில் முன்பெல்லாம் வடகமும் ஊறுகாயும் முறுக்கும் இருக்கும். அண்மைக் காலமாக அவற்றோடு, செய்தித்தாளில் சுற்றிய வெண்ணெய்ப் பழமும் வரத் தொடங்கியிருக்கிறது. அவகாடோ என்றும், மலையூர்க் கடைகளில் பட்டர் புரூட் என்றும் வழங்குவது இதுவே. மெக்சிகோவும் நடு அமெரிக்காவும் இதன் தாயகம். நாம் நன்கறிந்த இலவங்கப்பட்டை மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. இன்று கொடைக்கானல் கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய ஊர்களின் காப்பித் தோட்டங்களிலும், நீலகிரியிலும், குடகிலும், வயநாட்டிலும் இது விளைகிறது. கீழ்மலையைச் சேர்ந்த தடியன்குடிசையில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் டி.கே.டி. 1 என்னும் வகையையே வெளியிட்டிருக்கிறது.

மாவும் பலாவும் கெட்டுப்போனால் நமக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிறந்தது முதல் பழகிய பழங்கள் அவை. வெண்ணெய்ப் பழம் அத்தகையதன்று. ஆதலின் நல்லதைக் கெட்டதென்று எறிவதும், கெட்டதை நல்லதென்று உண்பதும் நம் இல்லங்களில் நிகழ்கின்றன. இவ்விரு பிழைகளையும் நாமே செய்திருக்கிறோம். அதனை மறைக்காமல் சொல்வதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், கீழ்மலையில் தோட்டம் வைத்திருக்கும் நம் தாய்மாமன், ரயிலில் வந்த ஒருவர் கையில் பன்னிரண்டு காய்களைக் கொடுத்தனுப்பினார். தலைநகரின் வெப்பத்தில் நான்கே நாளில் அவை பச்சை மாறிக் கருஊதா நிறம் கொண்டன. அழுகிவிட்டன என்று எண்ணி ஒன்றைக்கூட அரிந்து பாராமல் எறிந்துவிட்டோம். மறுவாரம் மாமன் தொலைபேசியில், “பழம் எப்படி இருந்தது?” என்று வினவினார். “மிக நன்றாக இருந்தது, மாமா” என்றோம். அவர் மகிழ்ந்து, “அந்த மரத்துப் பழம் கறுத்த பிறகுதான் ருசி. அது தெரியாமல் பலர் எறிந்துவிடுகிறார்கள்” என்றார். நமக்கு மறுமொழி எழவில்லை.

மறு ஆண்டு அக்குற்றத்துக்குக் கழுவாய் தேடுவார்போல ஒரு பழத்தையும் எறிவதில்லை என்று உறுதி பூண்டோம். கடைசிப் பழத்தைப் பாலும் சர்க்கரையும் சேர்த்து அடித்துக் குழந்தைக்குக் கொடுத்தபோது, குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது. “பழைய எண்ணெய் வாடை அடிக்கிறது” என்றது. ஊரிலிருந்து வந்ததை வீணாக்கலாமா என்று கடிந்துகொண்டோம். பின்னர் நாமே ஒரு வாய் பருகிப் பார்த்தோம். குழந்தை சொன்னதே மெய். அதன்பின்தான் இப்பழத்தின் குணங்களை முறையாக அறிந்துகொள்ள முற்பட்டோம்.

மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட நாம், ‘கெட்டுப்போன பழம்’ என்று ஒரே தொடரில் எழுதி அடுத்த வரிக்குப் போய்விடுவோம். நம் பாட்டிமார் அப்படி விடமாட்டார்கள். வெம்பல், கன்றல், அளிந்தது, அழுகல், பூசணம், சிக்கு என ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள். அச்சொற்களையே வரிசையாகக் கொண்டு இப்பழத்தைச் சோதித்தால் பிழை நேராது.

முதலில் வெம்பல். வெண்ணெய்ப் பழம் மரத்தில் கனிவதில்லை. முற்றிய காயைப் பறித்த பின்னரே கனியத் தொடங்கும். அறையின் வெப்பத்திற்கேற்ப ஏறத்தாழ மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகும். முற்றாமல் பறித்த காயோ எத்தனை நாள் வைத்தாலும் கனியாது. தோல் சுருங்கும். உள்ளே ரப்பர் போல் இழுக்கும். சுவை இராது. இது அழுகியதன்று, எனினும் இதனைக் கனிய வைக்க எவராலும் இயலாது. ஆதலின் வாங்கும்போதே சுருங்கிய தோலுடைய கல்போன்ற காயைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டாவது நிறம். தலைநகரக் கடைகளில் மிகுதியாக விற்கும் ஹாஸ் என்னும் வகை, கனியும்போது பச்சையிலிருந்து கறுப்பாக மாறும். கலிபோர்னியாவில் ருடால்ப் ஹாஸ் என்னும் அஞ்சல்காரர் தம் தோட்டத்தில் கண்டெடுத்து 1935இல் காப்புரிமை பெற்ற வகை அது. நம் மலைகளில் விளைவனவற்றுள் கனிந்தும் பச்சையாகவே இருப்பன பல, ஊதாவாக மாறுவன சில. எனவே நிறத்தை மட்டும் கண்டு தீர்ப்பளிப்பது தவறு. நாம் முதலாண்டு செய்த பிழை அதுவே.

நிறம் கைவிட்ட இடத்தில் கை துணைபுரியும். பழத்தை உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்த வேண்டும். விரல் நுனியால் குத்தினால் அவ்விடம் கன்றிவிடும். கல்போல் இருந்தால் காய். சிறிதே நெகிழ்ந்து கொடுத்தால் கனி. அழுத்திய பள்ளம் மீளாமல் நின்றாலும், தோல் சதையினின்று விலகி உள்ளே வெற்றிடம்போல் தோன்றினாலும் அது அளிந்தது. அளிந்த பழம் எல்லாம் நஞ்சன்று. ஆயினும் அரிந்து, முகர்ந்து பார்த்த பின்னரே உண்ணத் தக்கது.

மூன்றாவது கன்றல். வழிப்பயணத்தில் அடிபட்ட இடத்தில் சதை பழுப்பாகும். பிற பகுதி பசுமஞ்சளாக, நல்ல மணத்தோடு இருக்குமாயின் அடிபட்ட பகுதியை மட்டும் அகற்றிவிட்டு உண்ணலாம். அரிந்து வைத்த பழத்தின் மேற்பரப்பு பழுப்பதும் கேடன்று. வாழைக்காயையும் கத்திரிக்காயையும் நறுக்கி வைத்தால் கறுக்கிறதல்லவா? காற்றிலுள்ள உயிர்வளி சதையிலுள்ள நொதிகளோடு கூடுவதால் நேர்வது அது. மேலே மெல்லச் சுரண்டினால் அடியில் பச்சை தெரியும். எலுமிச்சைச் சாறு தடவி, காற்றுப் புகாமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால் இக்கறுப்புத் தாமதமாகும். ஓரிரு நாளில் உண்டுவிட வேண்டும். கொட்டையை எடுக்காமல் வைத்தால் கறுக்காது என்பர் சிலர். கொட்டை மூடிய இடம் மட்டுமே கறுக்காது, மற்ற இடம் கறுக்கத்தான் செய்யும்.

சதையில் சில பழுப்பு நரம்புகள் ஓடுவதையும் காணலாம். மணமும் சுவையும் நன்றாக இருந்தால் அவற்றை நீக்கிவிட்டு உண்ணலாம். காயாக இருக்கும்போதே கடுங்குளிரில் வைத்தால் சதை சாம்பல் நிறமாகிப் பழம் சரிவரக் கனியாது. ஆதலால் காயை வெளியே வைத்துக் கனிய விடவேண்டும். கனிந்த பின்னரே குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். அங்கே இரண்டு மூன்று நாள் தாங்கும். விரைவில் கனிய வேண்டுமாயின் பழுத்த வாழைப்பழத்தோடு காகிதப் பையிலோ, நம் வழக்கப்படி அரிசிப் பானையிலோ வைக்கலாம். பழம் வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு அங்கே தேங்கி நின்று கனிவை விரைவுபடுத்துகிறது.

நான்காவது அழுகல். இது பெரும்பாலும் காம்படியில் தொடங்கும். காம்பைச் சுற்றி மென்மையும் கருமையும் ஈரமும் தோன்றினால், அரிந்ததும் அங்கிருந்து உள்நோக்கிக் கரும்பழுப்பு இறங்கியிருப்பதைக் காணலாம். தோலில் குழிந்த கரும்புள்ளிகள் தோன்றி, அவற்றின் கீழே சதை கூழானாலும் அழுகலே. புளித்த வாடை வந்தால் ஐயமே வேண்டா.

ஐந்தாவது பூசணம். சதையில் வெள்ளையாகவோ சாம்பலாகவோ பஞ்சு படர்ந்திருந்தால் அப்பகுதியை மட்டும் வெட்டி எறிவது போதாது. மென்மையான சதையில் பூசணத்தின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் ஆழமாகச் செல்லும். முழுவதையும் எறிய வேண்டும்.

ஆறாவது சிக்கு. பெரும்பாலான பழங்களில் இல்லாத கேடு இது. வெண்ணெய்ப் பழத்தில் கொழுப்பு மிகுதி. ஹாஸ் வகையில் நூறு கிராம் சதையில் ஏறத்தாழ 15 கிராம் கொழுப்பு உண்டு. ஆதலால் பழைய நல்லெண்ணெயும் நெடுநாள் வைத்த நிலக்கடலையும் சிக்கு வாடை அடிப்பதுபோல இதுவும் அடிக்கும். நிறம் சற்றே நன்றாக இருந்தாலும் இவ்வாடை எழுந்தால் உண்ணலாகாது. நல்ல பழத்தின் மணம் மெல்லியது, பச்சைக் கொட்டையின் மணத்தை ஒத்தது. அன்று குழந்தையின் மூக்கு கண்டதை நம் கண்ணால் காண இயலவில்லை.

இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. பழத்தைப் பசுமை மாறாமல் காக்க நீரில் மூழ்க வைக்கும் வழக்கம் சில ஆண்டுகளுக்கு முன் பரவியது. தோலின்மேல் உள்ள தீய நுண்ணுயிர்கள் நீரில் பெருகக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022இல் அதனை எதிர்த்து எச்சரித்தது. தோலை உண்பதில்லை எனினும் கத்தி தோலைக் கடந்துதான் சதைக்குள் செல்கிறது. எனவே அரிவதற்கு முன் கழுவித் துடைப்பது நலம். மற்றொன்று, கெட்டதென ஒதுக்கிய பழத்தையோ தோலையோ கொட்டையையோ தெருவில் வரும் பசுவுக்கும், வீட்டுக் கிளிக்கும் இடலாகாது. இம்மரத்தின் இலையிலும் தோலிலும் கொட்டையிலும் உள்ள பெர்சின் என்னும் பொருள் ஆடு மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் பறவைகளுக்கும் தீங்கானது. எறியும் பொருளும் பிற உயிருக்கு உணவாகட்டும் என்னும் நல்லெண்ணம் இங்கே கேடாய் முடியும்.

நேயர்களே, ஊரிலிருந்து ஒருவர் தம் கையால் பறித்து, காகிதம் சுற்றி, இரண்டு நாள் பயணத்தில் வரும் ஒருவரிடம் கெஞ்சிக் கொடுத்தனுப்பிய பழத்தை அறியாமையால் எறிவது வருத்தத்துக்குரியது. பாசத்தால் கெட்டதையும் உண்பது அதனினும் தகாதது. இரண்டையும் மறைக்க நாம் சொன்ன பொய்யே மூன்றிலும் பெரிது என்பதைத் தாமதமாகவே உணர்ந்தோம்.

இவ்வாண்டும் பெட்டி வந்தது. பன்னிரண்டில் பதினொன்றை உண்டோம். ஒன்றை எறிந்தோம். மாமன் வழக்கம்போல் வினவியபோது இருந்தவாறே சொன்னோம். அதோடு முதலாண்டு பன்னிரண்டையும் எறிந்த கதையையும் சொல்லிவிட்டோம். அவர் வெகுநேரம் சிரித்தார். பின்னர், “எறிந்த அந்த ஒரு பழம், எங்கிருந்து கெட்டது?” என்று கேட்டார். காம்படியிலிருந்து என்றோம். “காம்பை விட்டு வெட்டாமல் இழுத்துப் பறித்திருப்பேன். காயம் பட்ட இடத்தில் அழுகல் ஏறிவிட்டது. தவறு என்னுடையது. அடுத்த முறை கத்தரி கொண்டு பறிக்கிறேன்” என்றார்.

எல்லாம் நன்றாக இருந்தன என்று இம்முறையும் சொல்லியிருந்தால், அந்தத் தவறு அவருக்குத் தெரிந்தே இராது.