பிலிமுக்கு ஏற்ற மருந்து

கொழும்பிலிருந்து வரும் புகைவண்டி பட்டிப்பொலையைக் கடந்தபின் இறங்கத் தொடங்குகின்றது. அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று மலையை வளைத்து வளைத்து இறங்கி, பதுளையில் நின்றுவிடுகின்றது. 1924ஆம் ஆண்டில் இருப்புப் பாதை வந்து முடிந்த இடம் அது. அப்புத்தளை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,430 மீற்றர். பதுளையோ 680 மீற்றர்தான். அங்கே போர்த்திய கம்பளியை இங்கே களைய வேண்டியிருக்கும். கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவும் அன்பர்களுக்கு இந்த வெப்பதட்ப வேறுபாடே முதற் பாடம்.

பிலிம் கழுவுதல் என்பது வழக்கு. ஆயினும் தண்ணீரில் அலசுவது அதன் கடைசிப் பகுதியே. பிலிமின் மேல் ஜெலட்டின் என்னும் பசையில் வெள்ளி உப்பின் நுண்மணிகள் பதிந்துள்ளன. ஒளிபட்ட மணிகளைக் கருவெள்ளியாக்குவது டெவலப்பர். எஞ்சிய உப்பைக் கரைத்து நீக்குவது ஹைப்போ. ஸ்டூடியோக்காரர் டெவலப்பரை மருந்து என்றே சொல்வர். நல்ல பெயர்தான். ஆளைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது மருந்து.

1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் தோட்டத் தொழிலாளரையும் படம் பிடித்தவர். அக்காலத்து ஈரக் கண்ணாடித் தகடு உலர்வதற்குள் கழுவப்பட வேண்டும். தகடும் மருந்தும் பிரியா இணை. பிற்காலத்துப் பிலிம்தான், எந்தச் சுருளை எந்த மருந்தில் இடுவது என்று ஆற அமர எண்ணும் வசதியைத் தந்தது. தவறாகத் தேர்ந்தெடுக்கும் வசதியும் உடன் வந்தது.

பசறைப் பக்கத்துத் தேயிலை மலை ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். நண்பகல் வேளை. கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையில் வெள்ளைத் துணி; பின்னே கண்ணைப் பறிக்கும் வானம்; துணியின் நிழலில் கருநிற முகம். ஒளிமானி வானத்தைக் கண்டு ஏமாந்து, குறைந்த ஒளியே போதும் என்று சொல்லிவிடும். கழுவிய நெகட்டிவில் முகம் இருக்கவேண்டிய இடம் கண்ணாடிபோல் வெறுமையாக இருக்கும். பதியாத முகத்தை எந்த மருந்தாலும் வரவழைக்க முடியாது. மருந்தில் அதிக நேரம் ஊறவைத்தால் வானமும் துணியுமே மேலும் தடிக்கும்.

இதைச் சிறு குறையென்று தள்ளுதல் ஆகாது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை, மலையகத் தமிழருள் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. தலைமன்னாரில் கப்பலேறிப் போன அக்காளுக்கோ அண்ணனுக்கோ லயத்துச் சுவரில் எஞ்சியிருப்பது ஒரே படமாயிருக்கலாம். அப்படத்திலே சேலைக்கரை தெளிவாயிருந்து முகம் கரியாயிருந்தால், அது யாருடைய படம்?

ஆகவே முகத்தை எடுக்க விரும்புவோர் விரைவுப் பிலிமை நாடுதல் நன்று. இல்போர்டின் எச்.பி. 5 பிளஸ், கோடக்கின் டிரை-எக்ஸ் ஆகிய இரண்டும் 400 வேகம் என்று பெட்டியில் குறிக்கப்பட்டவை. நிழலில் உள்ள கருநிற முகத்திற்கு ஒளிமானியை 200இல் வைத்து, இருமடங்கு ஒளி கொடுத்து, கழுவும் நேரத்தை ஆறிலொரு பங்கு குறைக்க வேண்டும். முகம் பதியும், வானமும் அடைபடாது.

இதற்கேற்ற மருந்து எது? 1927 முதல் வழங்கிவரும் கோடக் டி-76, அதற்கு நிகரான இல்போர்ட் ஐ.டி. 11 ஆகியவையே இவ்வேலைக்கு முதலிடம் பெறத் தக்கவை. டி-76இன் பாகம் இரகசியமன்று. லீற்றருக்கு மெற்றோல் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைற்று 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். மெற்றோல் சிலருடைய தோலைப் புண்ணாக்கும். கையுறை அணிந்தே கலக்க வேண்டும். மிகுந்த சல்பைற்று மணிகளின் ஓரத்தைக் கரைத்து, படத்தை மென்மையாக்குகின்றது. சம அளவு தண்ணீர் சேர்த்து ஒருமுறை மட்டும் பயன்படுத்தினாலோ இன்னொரு நன்மை உண்டு. வானம் பதிந்த இடத்தில் மருந்து விரைவில் தன் வலுவை இழந்துவிடும். முகம் பதிந்த இடத்தில் அது தொடர்ந்து வேலை செய்யும். தோட்டத்து வெயிலுக்கு இதைவிட இசைந்த ஏற்பாடு அரிது.

1891இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற ரொடினாலின் குணம் வேறு. அது மணிகளைக் கரைப்பதில்லை. கூர்மை மிகும், மணியும் வெளிப்படும், நிழலில் சிறிது வேகம் குறையும். விரைவுப் பிலிமில் எடுத்த பாட்டியின் முகத்தை அதில் இட்டால் மணல் தூவியதுபோல் ஆகும். ஆனால் 125 வேகமுள்ள எப்.பி. 4 பிளஸில் நமுனுகுலை மலைமுகட்டையும் தேயிலை நிரைகளையும் எடுத்தவர், 1க்கு 50 தண்ணீர் கலந்த ரொடினாலில் 20 பாகை செல்சியஸில் 15 நிமிடம் கழுவிப் பார்த்தால் வேறு மருந்தைத் தேடமாட்டார்.

உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் செய்து வந்தது. ஊரைவிட்டுப் போன மலையக மக்கள் பலர் குடியேறியதும் அதே நீலகிரியில்தான். அவ்வாலையில் இப்போது பிலிம் உற்பத்தி இல்லை.

இனி வெப்பநிலை. எச்.பி. 5 பிளஸுக்குத் தண்ணீர் கலவாத ஐ.டி. 11இல் 20 பாகையில் 7½ நிமிடம். பதுளையில் குழாய்த் தண்ணீர் 24 பாகையாக இருந்தால் அது 5½ நிமிடமாகச் சுருங்கும். ஆறிலொரு பங்கையும் கழித்தால் ஐந்து நிமிடத்திற்கும் கீழே போய்விடும். ஐந்துக்குக் குறைந்தால் மருந்து ஒரே சீராகப் பரவாது, வானத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். சமபங்கு தண்ணீர் கலந்தாலோ 20 பாகையில் 13 நிமிடம். 24இல் சுமார் 9½. கழிவு போக 8 நிமிடம். கைக்கு நிதானம் கிடைக்கின்றது. அப்புத்தளைக்காரருக்குத் தொல்லை எதிர்த்திசையில். விடியற்காலைக் குளிரில் ஹைட்ரோகுவினோன் சோம்பிவிடும். அவர் வெந்நீர்ப் பேசினுக்குள் மருந்துப் பாத்திரத்தை வைத்து 20 பாகைக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். மருந்து, ஹைப்போ, அலசும் தண்ணீர் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருத்தல் வேண்டும். இளஞ்சூட்டிலிருந்து எடுத்த பிலிமைச் சில்லென்ற பீலித் தண்ணீரில் பிடித்தால் ஜெலட்டின் வலைவலையாகச் சுருங்கிப் படம் கெடும்.

பீலித் தண்ணீர் அலசுவதற்கு ஏற்றது, மழைக்காலத்துச் சேறு கலவாதவரை. மருந்து கரைக்கக் கொதித்து ஆறிய, துணியில் வடித்த தண்ணீரே வேண்டும். ஆடி, ஆவணியில் கச்சான் வீசும்போது பிலிமை வாசற்புறத்தில் உலர்த்துவது கூடாது. புழுதி ஒட்டினால் பெயராது. கதவடைத்த குளியலறைக் கொடியே பாதுகாப்பானது.

புதிதாகத் தொடங்குவோர் ஒரு பிலிமையும் ஒரு மருந்தையும் மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டிலுள்ள ஒருவரை நண்பகல் நிழலில் இருத்தி, 400, 200, 100 என்று மூன்று படம் எடுத்துக் கழுவிப் பார்க்கலாம். எந்த நெகட்டிவில் கன்னத்துச் சுருக்கமும் கண்ணின்கீழ் நிழலும் தெரிகின்றனவோ, அந்த எண்ணையும் அன்றைய சூட்டையும் நிமிடத்தையும் ஒரு தாளில் எழுதி மருந்துப் புட்டியின்மேல் ஒட்டிவைக்க வேண்டும்.