காடே கோட்டை!

(வல்லத்திராக்கோட்டைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வல்லத்திராக்கோட்டையில் மருதிருவரைப் பற்றியா பேசப் போகிறாய்? அது தொண்டைமான் சீமையாயிற்றே!" என்று வழியில் நண்பர் ஒருவர் கேட்டார். ஆம்! 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தது புதுக்கோட்டை அரண்மனை. 1801-இல் மருதிருவரை ஒடுக்கவும் அதே அரண்மனை வெள்ளையனுக்குக் கைகொடுத்தது. ஆனால், அன்று இந்த மண்ணில் ஏர் பிடித்தவனை யார் கேட்டார்கள்?

கேட்டவன் ஒருவன் உண்டு. சின்ன மருது!

1801 ஜூன் திங்களில் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கக் கோவில் மதிலிலும் அவனுடைய அறிக்கை ஒட்டப்பட்டது. மன்னர்களுக்கு மட்டும் ஓலை விடுத்துவிட்டு மறுமொழிக்குக் காத்திருக்கவில்லை அவன். நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் பெயர் சொல்லி அழைத்தான். நள்ளிரவில் சுவரொட்டி ஒட்டும் தம்பிகளே, உங்கள் மூத்த அண்ணன் யார் என்று தெரிகிறதா?

பீரங்கிப் பட்டாளம் திரண்டு வந்தது. அவனிடம் இருந்தவை வேலும், வளரியும், சிறைமீண்ட ஊமைத்துரையின் துணையும், காளையார்கோவில் காடும். நாடகமேடையில் காடு காட்ட எங்களுக்கு ஒரு படுதா போதும். கர்னல் அக்னியூவுக்கோ ஆகஸ்டு மாதம் முழுவதும் போதவில்லை! சிறுவயல் பக்கமிருந்து காட்டை வெட்டிப் பாதை போட்டான். மறைந்திருந்து தாக்கினார்கள் மறவர்கள். முடிவில், வெட்டிய பாதையை விட்டுவிட்டுத் திரும்பியது கும்பினிப் படை.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். விடும்வரை பொலிவாரைச் சொன்னார்கள். சின்ன மருதுவைச் சொல்லவில்லை. தென் அமெரிக்காவின் சால்டாவில் மார்ட்டின் குவேமஸ் என்பான், மாடு மேய்க்கும் குதிரைக்காரர்களைத் திரட்டி ஸ்பெயின் படையுடன் இதே மறைமுகப் போரை நடத்தி, 1821-இல் மாண்டான். அவன் மறைந்த ஜூன் 17, அர்ஜென்டீனாவில் நாடு முழுவதற்கும் விடுமுறை. அவனுக்கு இருபதாண்டுகள் முன்னோடி நம்மவன்!

கோடரி தோற்ற இடத்தில் பட்டம் வென்றது. செப்டம்பரில், சோழபுரத்தில், கௌரி வல்லபருக்குச் சிவகங்கை ஜமீனைச் சூட்டினார்கள். மருதுவின் பக்கம் நின்றோர் பிரிந்தனர். அக்டோபர் 1-இல் காளையார்கோவில் வீழ்ந்தது. 24-இல் திருப்பத்தூரில் தூக்குமரம்.

பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டோரில் சின்ன மருதுவின் இளம் மகன் துரைசாமியும் ஒருவன். அந்தப் போரில் மருதுவை எதிர்த்தவன் வெல்ஷ் என்ற வெள்ளை அதிகாரி. முன்பு நட்பாயிருந்த நாளில், அவனுக்கு வேலெறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவனே சின்ன மருதுதான்! 1818-இல் பினாங்கில், மெலிந்து தளர்ந்த ஒருவன் வெல்ஷின் எதிரே வந்து நின்றான். யாரென்று தெரியவில்லை வெல்ஷுக்கு. பெயரைச் சொன்ன பிறகே தெரிந்தது. துரைசாமி.