பிறஷரும் உடல்நிறையும் ஒப்பரேசனும்

(எமது சங்கத்தின் மூத்தோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வயித்தில ஒப்பரேசன் செய்து உடம்பைக் குறைச்சால் பிறஷர் மாறுமாமே, உண்மையோ?" இந்தக் கேள்வியை எங்கட ஆக்கள் பலர் என்னட்டக் கேக்கினம். அதுவும் மெல்லிய குரலிலதான் கேக்கினம். நான் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள், கத்தி பிடிக்கிற ஆள் அல்ல. ஆனால் ஒரே ஆள் பிறஷருக்கு மூன்று, நான்கு விதமான குளிசைகளை வாங்கிக்கொண்டு போவதை நாள்தோறும் பார்க்கிறேன். ஆகவே இன்று இதை எல்லோருக்கும் கேட்கக் கூடியதாகவே சொல்கிறேன்.

முதலில், நிறை கூடினால் பிறஷர் ஏன் கூடுகிறது? கொழுப்பு சும்மா கிடக்கிற சாமான் அல்ல. சிறுநீரகத்தைச் சுற்றி அது சேர்ந்து நெருக்கும். நரம்புகளையும் சில ஓமோன்களையும் தூண்டிவிடும். அதனால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும், இரத்தக் குழாயில் அழுத்தம் ஏறும். குறட்டை விட்டு நித்திரையில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு இன்னும் மோசம். இதற்கு மேலே நாங்கள் கருவாடு, ஊறுகாய், அப்பளம் என்று வேறு உப்பைச் சேர்க்கிறோம்.

இனி ஒப்பரேசனுக்கு வருவோம். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 'பைபாஸ்' முறையை முதலில் செய்தார். குடற்புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்கள் மெலிந்தே இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது. பைபாஸில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டையளவு சின்னப் பை செய்து, அதைச் சிறுகுடலோடு நேரே இணைப்பார்கள். 'ஸ்லீவ்' என்ற மற்ற முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை அகற்றி, வாழைப்பழம் போன்ற ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். இரண்டும் இப்போது சின்னத் துளைகள் போட்டுக் கமராவின் உதவியுடன் செய்யப்படுகின்றன.

பிறஷருக்கென்றே செய்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் 100 பேரை எடுத்தார்கள். எல்லோரும் பருத்தவர்கள், குறைந்தது இரண்டு பிறஷர் மருந்தாவது எடுப்பவர்கள். பாதிப்பேருக்குப் பைபாஸும் மருந்தும், மீதிப்பேருக்கு மருந்து மட்டும். 2018இல் முடிவு வெளிவந்தது. ஒரு வருடத்தின் பின், பிறஷர் 140/90க்குக் கீழே நிற்க, மருந்துகளின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்களவு குறைக்க முடிந்தவர்கள் ஒப்பரேசன் செய்தவர்களில் நூற்றுக்கு 84 பேர். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 13 பேர். 2024இல் ஐந்து வருட முடிவு வந்தது: 81 பேருக்கு 14 பேர். மருந்தே இல்லாமல் பிறஷர் கட்டுப்பட்டவர்கள் ஏறக்குறைய பாதிப்பேர்.

பாதிப்பேர் என்றால் மற்றப் பாதிப்பேர் தொடர்ந்தும் குளிசை போடுகினம் என்றுதான் அர்த்தம். இதை மறக்கக் கூடாது. சுவீடனில் 1987இல் தொடங்கிய பெரிய ஆய்வில், பத்து வருடம் போனபின், புதிதாகப் பிறஷர் வருவதில் ஒப்பரேசன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அங்கே செய்யப்பட்டவற்றில் பெரும்பாலானவை பைபாஸ் அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும். ஆனாலும் "ஒருக்காச் செய்தால் வாழ்நாளுக்கும் பிறஷர் போச்சு" என்று ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ.

யாருக்குச் செய்வார்கள்? நிறையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து அதை அதே எண்ணால் பெருக்கி, நிறையை அதனால் பிரிக்க வருவது பி.எம்.ஐ. இங்கே பிரித்தானியாவில் பொதுவாக 40, அல்லது பிறஷர், நீரிழிவு போன்ற வருத்தம் இருந்தால் 35. தெற்காசியர்களான எங்களுக்கு இதைவிட 2.5 குறைவாகவே பார்க்கலாம் என்று வழிகாட்டல் சொல்கிறது. ஏனென்றால் எங்கட உடம்பு குறைந்த நிறையிலேயே இந்த வருத்தங்களுக்கு ஆளாகிறது. 1.60 மீற்றர் உயரமும் பிறஷரும் உள்ள ஓர் அம்மாவுக்கு 90 கிலோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, 83 கிலோவிலேயே ஜி.பி.யிடம் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். போகேக்கை பள்ளிக்கூடப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. தாயின் வருத்தத்தைப் பிள்ளையின் வாயால் சொல்விப்பது சரியல்ல. மொழிபெயர்ப்பாளரை இலவசமாகவே ஒழுங்கு செய்து தருவார்கள்.

ஆபத்தும் உண்டு. தையல் போட்ட இடம் கசியலாம், இரத்தம் போகலாம், காலில் இரத்தம் கட்டியாகலாம். நல்ல இடங்களில் உயிராபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரிய வேலை அதற்குப் பிறகுதான். பி12, இரும்பு, கல்சியம், விற்றமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுக்க எடுக்க வேணும், வருடாவருடம் இரத்தம் சோதிக்க வேணும். இபுபுரோபன் போன்ற நோக்குளிசைகள் புண் உண்டாக்கும். சிகரெட்டும் அப்படித்தான். இளம் பெண்கள் ஒரு வருடம், ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேணும். துருக்கிக்கோ இந்தியாவுக்கோ போய்ச் செய்பவர்கள், திரும்பி வந்தபின் யார் பார்ப்பார் என்பதை முதலே கேட்டுக்கொள்ளுங்கோ.

என் தொழிலோடு சம்பந்தப்பட்ட ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒப்பரேசன் செய்து சில நாட்களிலேயே, நிறை பெரிதாக இறங்கும் முன்பே, பிறஷர் இறங்கத் தொடங்கலாம். பழைய அளவிலேயே குளிசை போட்டால் தலைசுற்றி விழுவீர்கள். குறிப்பாக, சலம் போகச் செய்யும் குளிசை உடம்பில் தண்ணீரை வற்றச் செய்யும். அதற்காகத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது. பிறஷர் திடீரென்று ஏறினால் பாரிசவாதம் வரும். வீட்டில் அளந்து, எழுதி, டொக்டரிடம் காட்டி, அவர் சொல்லக் குறையுங்கோ.

கடைசியாக, எங்கட சமூகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒப்பரேசன் செய்த ஒருவர் நாலு கரண்டி சோற்றை மென்று மென்று அரை மணித்தியாலமாகச் சாப்பிடுவார். அவருக்குப் பாயாசம் ஒரு கிண்ணம் கொடுத்தால் நெஞ்சு படபடத்து வியர்த்துப் போவார். "என்ன, ஒண்டும் சாப்பிடேல்லை, இன்னும் கொஞ்சம் போடுங்கோ" என்று கோப்பையை நிரப்புவது அவருக்கு அன்பு அல்ல, உபத்திரவம். அவர் காணும் என்றால் காணும். "சோம்பேறி, உடம்பை அசைக்காமல் வெட்டிக் குறைச்சவ" என்று பின்னால் கதைப்பது அதைவிடக் கொடுமை. அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் பலர் இதை மறைக்கினம், மறைத்தபடியால் விற்றமின் எடுக்காமல், சோதனைக்குப் போகாமல் விடுகினம்.

இரண்டு வேலையும் இரவு வேலையுமாக ஓடி ஓடி, குளிரில் அடைபட்டு, இந்த நாட்டில் நாங்கள் உடம்பைக் கவனிக்காமலே வருடங்களைக் கழித்துவிட்டோம். உப்பைக் குறையுங்கோ, நடவுங்கோ, குளிசையை ஒழுங்காகப் போடுங்கோ. இவை எல்லோருக்கும். அதற்கு மேலும் தேவைப்படுகிறவர்களுக்கு ஒப்பரேசன் என்ற வழியும் இருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.