குடிமதிப்பு ஏடுகளில் ஓர் உழவர் குடும்பம்



ஓர் உழவர் குடும்பம் எங்கிருந்து புறப்பட்டது, எங்கெல்லாம் ஏர் பூட்டியது, யாரை எந்த மண்ணில் இழந்தது என்பவற்றைத் தேட முற்படுவோர்க்கு அமெரிக்க நாட்டில் ஓர் அரிய வாய்ப்பு உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை அங்கே எடுக்கப்பெறும் மக்கள்தொகைக் கணக்கின், அதாவது குடிமதிப்பின், வீட்டுவாரியான மூல ஏடுகள் 72 ஆண்டுகள் கழிந்தபின் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்படுகின்றன. 1950ஆம் ஆண்டின் ஏடுகள் 2022 ஏப்ரலில் அவ்வாறு வெளிவந்தன. கணக்கெடுப்பு 1790இலேயே தொடங்கிவிட்டதாயினும், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் எழுதும் வழக்கம் 1850இல்தான் வந்தது. அதுவும் சுதந்திர மக்களுக்கு மட்டுமே. அடிமைகளாயிருந்த கறுப்பின மக்கள் 1850, 1860 ஆகிய இரு கணக்குகளிலும் பெரும்பாலும் பெயரின்றி, வயதும் பாலும் குறிக்கப்பெற்று, உடைமையாளரின் பெயருக்குக் கீழே வரிசையாக நிற்கின்றனர்.

இவ்வேடுகளால் துலங்கிய குடும்பங்களுள் இலக்கிய அன்பர்கள் கருதிப் பார்க்கத்தக்கது இங்கல்ஸ் குடும்பம். சார்லஸ் இங்கல்ஸ், அவர் மனைவி கரோலின், அவர்தம் மக்கள். இரண்டாம் மகள் லாரா இங்கல்ஸ் வைல்டர், அறுபதை அடுத்த வயதில் தம் இளமைக்காலத்தைச் சிறுவர் புதினங்களாக எழுதினார். முதல் நூல் 1932இலும், கான்சாஸ் புல்வெளியைக் களமாகக் கொண்ட நூல் 1935இலும் வந்தன. நினைவிலிருந்து எழுதியவர் ஒருபுறம். வாயிற்படியில் நின்று கேட்டதை எழுதிச் சென்ற கணக்கெடுப்பாளர் மறுபுறம். இருவரும் ஒரே குடும்பத்தைப் பற்றியே எழுதினர்.

பிறந்த இடம் என்று குடிமதிப்புப் படிவத்தில் ஒரு பத்தி உண்டு. கவிதை வாசிப்போர் பொதுவாக இத்தகைய பத்திகளைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் இக்குடும்பத்தார் பிறந்த இடங்களை வரிசைப்படுத்தினால் ஒரு வண்டித்தடமே தெரிகிறது. தந்தை நியூயார்க், தாய் விஸ்கான்சின், மூத்த பெண்கள் மேரியும் லாராவும் விஸ்கான்சின், மூன்றாமவள் கேரி கான்சாஸ், கடைசிப் பெண் கிரேஸ் அயோவா. 1880இல் இவர்கள் அனைவரும் டகோடாப் பகுதியில் கிங்ஸ்பரி மாவட்டத்தில் இருந்தனர்.

கேரியின் பிறப்பில்தான் புதினமும் ஏடும் முதன்முதலாக முரண்படுகின்றன. புதினத்தில் கேரி விஸ்கான்சின் காட்டிலேயே கைக்குழந்தை. பெற்றோருடன் வண்டியேறிக் கான்சாஸ் வருகிறாள். மெய்யில் அவள் பிறந்தது 1870 ஆகஸ்ட் 3, கான்சாஸ் மாநிலத்து மாண்ட்கோமரி மாவட்டத்தில். கணக்கெடுப்பாளர் ரட்லண்ட் ஊராட்சிப் பகுதியில் அக்குடிலை அடைந்ததும் அதே ஆகஸ்டில்தான். அப்போது லாராவுக்கு வயது மூன்று. அந்நூலில் வரும் அத்தனை காட்சிகளையும் மூன்று வயதுக் குழந்தை நினைவில் வைத்திருத்தல் அரிது. பெற்றோர் சொல்லக் கேட்டவையே பிற்காலத்தில் நினைவாக உருக்கொண்டன எனல் பொருந்தும். இதனைக் குறையென்று கொள்ள வேண்டியதில்லை.

இடத்தைப் பற்றிய குழப்பம் இதனினும் பெரிது. இண்டிபெண்டன்ஸ் என்னும் ஊரிலிருந்து நாற்பது மைல் தொலைவில் குடில் இருந்ததாக நூல் கூறுகிறது. லாராவும் அவர் மகள் ரோசும் அக்கணக்கை நம்பி ஓக்லகோமா மாநிலத்தில் சென்று தேடினர், கிடைக்கவில்லை. பின்னர் 1960களின் இறுதியில் உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் 1870ஆம் ஆண்டின் ஏட்டை எடுத்துக்கொண்டார். கணக்கெடுப்பாளர் வீடுவீடாக நடந்தவர் ஆதலால் ஏட்டில் முன்னும் பின்னும் உள்ள குடும்பங்களே அண்டை அயலார். அவர்களின் நிலப் பதிவுகளைத் தேடிப் பொருத்தியபோது இங்கல்ஸ் குடும்பம் இருந்த நிலம் புலப்பட்டது. ஊரிலிருந்து ஏறத்தாழ 13 மைல்! புதினத்தில் குளிர்காய்ச்சலுக்கு மருந்தளித்துக் குடும்பத்தைக் காத்த கறுப்பின மருத்துவர் டான் என்பாரும் அதே ஏட்டில் அண்டையராக இருக்கிறார். மூன்று வயதுக் குழந்தைக்கு மைல் தவறலாம். உயிர் காத்தவர் பெயர் தவறவில்லை.

அவ்வேட்டில் எழுதப்பெற்றதைக் காட்டிலும் எழுதப்பெறாத ஒன்றே கருதத்தக்கது. 1870ஆம் ஆண்டுப் படிவத்தில் நிலத்தின் மதிப்பைக் குறிக்க ஒரு பத்தி இருந்தது. அங்கே குடியேறியவர்களுக்கு நேரே அப்பத்தி வெறுமையாக விடப்பட்டது. காரணம் எளிது. அந்நிலம் ஓசேஜ் இன மக்களுக்கு உரியது. குடியேறியோர்க்கு அதில் எவ்வுரிமையும் இல்லை. சார்லஸ் இங்கல்ஸ் கிணறு வெட்டினார், குடில் கட்டினார், உழுதார். எல்லாம் பிறர் நிலத்தில். ஓசேஜ் மக்களைத் தெற்கே அனுப்பி அந்நிலத்தை ஏக்கர் ஒன்றே கால் டாலருக்கு விற்கும் சட்டம் 1870 சூலையில் நிறைவேறியது. கணக்கெடுப்பாளர் வந்தது அதற்கு அடுத்த மாதம்.

நிலத்துக்கு உரிய ஓசேஜ் மக்களின் பெயர்கள் எங்கே என்று அதே ஏட்டில் தேடுவார் ஏமாறுவர். வரி செலுத்தாத இந்தியரைத் தொகையில் சேர்க்க வேண்டா என்பது அந்நாட்டு அரசமைப்பின் விதி.  புதினமும் இதே தடத்தில் சென்றது. அப்புல்வெளியில் மக்களே இல்லை, இந்தியர் மட்டுமே இருந்தனர் என்னும் பொருள்பட அதன் தொடக்கத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. வாசகர் ஒருவர் பதிப்பகத்துக்கு எழுதிச் சுட்டிக்காட்டினார். லாரா தம் பிழையை ஒப்புக்கொள்ள, 1953ஆம் ஆண்டுப் பதிப்பில் மக்கள் என்ற சொல் நீங்கிக் குடியேறியோர் என்ற சொல் அமைந்தது. ஒரு சொல்லை மாற்றப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. படைப்பாளியின் பேனாவும் அரசின் படிவமும் ஒரே பிழையைச் செய்திருக்கின்றன. அரசு தெரிந்தே செய்தது, படைப்பாளி தெரியாமல் செய்தார் என்று வேறுபாடு காட்டலாம். அவ்வேறுபாடு ஓசேஜ் மக்களுக்கு எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்பது வேறு கேள்வி.

1871இல் குடும்பம் விஸ்கான்சினுக்கே திரும்பியது. படைவீரர் வந்து வெளியேற்றுவர் என்ற செய்தியால் புறப்பட்டதாக நூல் கூறும். பழைய பண்ணையை வாங்கியவர் பணம் செலுத்த இயலாமையால் அது மீண்டும் இவர்களிடமே வந்ததும் ஒரு காரணம்.

இனி, எந்த ஏட்டிலும் இல்லாத ஒருவன். 1875 நவம்பர் 1ஆம் நாள் மினசோட்டாவில் சார்லஸ்–கரோலின் இணையர்க்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. பெயர் சார்லஸ் பிரெடரிக். 1876 ஆகஸ்ட் 27இல் அக்குழந்தை இறந்தது. வெட்டுக்கிளிகள் பயிரை அழித்தமையால் குடும்பம் அயோவாவை நோக்கிப் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1870க்கும் 1880க்கும் இடையே வந்து போன உயிராதலால் நாட்டுக் குடிமதிப்பு அவனை அறியாது. 1880இல் இறந்தோர்க்கெனத் தனிப் பட்டியல் எடுத்தனர்; ஆனால் அது முந்திய பன்னிரண்டு மாதங்களில் நேர்ந்த இறப்புகளை மட்டுமே கொண்டது. லாராவின் புதினங்களிலும் இத்தம்பி இல்லை. அவர் 1930இல் எழுதி 2014இல்தான் அச்சேறிய தன்வரலாற்றில் சிறிது இடம் பெறுகிறான். துயரத்தைக் குழந்தைகளின் நூலில் வைக்க அவர் மனம் ஒப்பவில்லை போலும். மூத்தவள் மேரி பார்வை இழந்த துயரத்தை மட்டும் அவர் மறைக்கவில்லை. அது நேர்ந்தது 1879இல். அடுத்த ஆண்டுப் படிவத்தில் பார்வையற்றோரைக் குறிக்க ஒரு சிறு பத்தி இருந்தது. அதில் இடவேண்டியது ஒரே ஒரு கோடு.

லாரா 1885இல் அல்மான்சோ வைல்டரை மணந்தார். 1886இல் ரோஸ் பிறந்தாள். 1889இல் ஒரு மகன் பிறந்து, பெயர் இடப்பெறும் முன்பே இறந்தான். அவ்வாண்டு ஆகஸ்டில் வீடும் தீக்கிரையாயிற்று. அவ்வாண்டுகளுக்கு அடுத்த கணக்கு 1890க்கு உரியது. அவ்வேடுகள் 1921 சனவரியில் வாஷிங்டனில் வணிகத்துறைக் கட்டடத்தின் நிலவறையில் நேர்ந்த தீயில் சிதைந்தன. எஞ்சியவற்றையும் பிற்பாடு அழித்துவிட்டனர். ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்களே மிஞ்சின. உழவர் குடும்பங்களைத் தேடுவோர் இருபதாண்டு இருளைத் தாண்டிக் குதிக்க வேண்டியுள்ளது.

குதித்து வந்து நிற்கும் இடம் 1900. வைல்டர் குடும்பம் அப்போது மிசௌரி மாநிலத்து மான்ஸ்பீல்டில் இருந்தது. அவ்வாண்டுப் படிவத்தில் தாய்மாரிடம் கேட்க இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து அமைந்திருந்தன. எத்தனை பிள்ளை பெற்றாய்? அவர்களுள் எத்தனை பேர் இருக்கின்றனர்? லாரா வாயிற்படியில் நின்று சொல்லியிருக்க வேண்டிய விடை: இரண்டு; ஒன்று.